ஏலவார்குழலியின் மூன்றாவது வாய்ப்பு

நாளைக்கு மூன்றாவது தேர்வு. அதிலும் தோற்றால் ஏலவார்குழலிக்கு ஆசிரியர் தகுதிச் சான்றிதழ் இந்த ஜென்மத்தில் கிடையாது. திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்து எங்கள் தேர்வு அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"ரெண்டு தபாவும் எழுத்துத் தேர்வுல பாஸ் மேடம். பசங்க முன்னாடி பாடம் நடத்திக் காட்டறதுலதான் போச்சு. முடிஞ்சதும் கேள்வி கேட்டு, வகுப்புல எத்தினி பேரு பதில் சொல்றாங்களோ அதுக்குத்தான் மார்க்கு. வகுப்பை ஈர்க்கத் தெரியலன்னு எழுதிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதிப்பெண்களில் கோளாறு இருக்கிறதா என்று கண்காணிக்கத்தான் எங்கள் தரவுப் பிரிவையே வைத்திருக்கிறார்கள். தேர்வாளர் எவனோ காசு பார்க்கிறான், பிடித்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ம்ஹூம். இவளுக்குத் தோல்வி போட்ட அதே ஆள், சுற்றுக் கிராமங்களான மாகறலிலும் ஏனாத்தூரிலும் மார்க்கை அள்ளிப் போட்டிருந்தார். ஊருக்குள், இவள் பாடம் நடத்திய பள்ளி உட்பட, நெசவாளர் தெருப் பள்ளிகளில் மட்டும் கொத்துக் கொத்தாகத் தோல்வி. அதுவும் மாதத்தில் ஒரே ஒரு நாள்.

"தேதி ஒத்து வரலியேம்மா," என்றான் என்னோடு வேலை பார்க்கும் விமல்ராஜ். "மாசத்துக்கு மாசம் மாறிக்கினே போவுது. தற்செயல்தான், உடு."

"உடறதாவது. ஏலவார்குழலி, அன்னிக்கு வகுப்புல எத்தினி பசங்க?"

"பாதி பெஞ்சு காலி மேடம். ரெண்டு தபாவும்."

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். எனக்கே இப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடும் தறி அமாவாசையன்று ஓடாது. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கோயில், சொந்தக்காரர் வீடு என்று குடும்பமே கிளம்பிவிடும். வராத பிள்ளைகளையெல்லாம் பதில் தெரியாத பிள்ளைகள் என்று கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

காலண்டரை எடுத்துத் தேதிகளை ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"விமல், நாளைக்கு என்னா?"

அவன் தாளைத் திருப்பினான். "அடப்பாவிங்களா. அமாவாசைபா."

அதிகாரியைப் போனில் பிடித்தேன். நான் கொட்டிய வேகத்தில், "மெதுவாம்மா, மெதுவா" என்று கெஞ்சினார். தோல்வித் தேதிகளையும் அமாவாசைகளையும் சேர்த்துப் போட்ட வரைபடத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். நாளைய தேர்வு ரத்து. அமாவாசையில் தோற்ற எல்லோருக்கும் வேறு நாளில் மறுதேர்வு. பழைய தோல்வி கணக்கில் வராது.

விமல்ராஜ் மேஜையைத் தட்டினான். ஏலவார்குழலி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்குப் பாடம் நடத்த வராதுன்னு இல்லியா மேடம்? இத்தினி நாளா அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். அந்த இரண்டு நாளும் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் பதில் சொல்லியிருந்தார்கள்.