மூத்தாரின் விலா எலும்பு

செத்துப் பிழைத்த மனுஷன் ஊருக்குத் திரும்பி வந்தால் சும்மா விடுவார்களா? ராசப்பன் நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து மலைமேல் தன் ஊர் இருக்கும் வாழவந்தி நாட்டுக்கு வந்து இறங்கிய அன்றே வாசல் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அந்தப் பக்கம் என்ன இருந்தது? வெளிச்சம் தெரிந்ததா? செத்துப்போன அப்பன் வந்து கூப்பிட்டாரா? ராசப்பனுக்குப் பொய் சொல்ல வராது. "ஒண்ணும் தெரீலீங்க. சந்தையில மொளகு மூட்டைய எறக்கி வெச்சேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி பேன் சுத்துது. அவ்வளவுதானுங்க" என்றார். வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு தூரம் போய்விட்டு எதையும் பார்க்காமல் திரும்பிவிட்டாரே என்று ஒருவர் வாய்விட்டே வருத்தப்பட்டார்.

அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரியாதே தவிர, இந்தப் பக்கத்தில் தன்னை நிறுத்தி வைத்தது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கலைமணி. அவருடைய தம்பி சின்னுசாமியின் மனைவி. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரு பலா மரம்தான் இருந்தது. ஆனால் ராசப்பன் அவளுக்கு மூத்தார், புருஷனுடைய அண்ணன். அந்தக் குடும்பத்துப் பழக்கப்படி தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரே நிற்க மாட்டாள், நேருக்கு நேர் பேச மாட்டாள். கை படுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால், "பெரியப்பனுக்குக் காப்பி வெச்சிருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்பாள். குழந்தைகள் இல்லாவிட்டால் பலா மரத்தடியில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்துச் சொல்லுவாள். அவரும் ஆட்டுக்கே பதில் சொல்லுவார். இரண்டு வீட்டு விவகாரமும் அந்த ஆட்டுக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவள்தான் செம்மேட்டுச் சந்தையில், அக்கம்பக்கத்து மலையூர்களான நாலு நாட்டு ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய சட்டையைக் கிழித்து நெஞ்சின்மேல் கை வைத்தாள்.

அன்று நடந்ததை ராசப்பன் பலர் வாயாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதில் பாதியை மினி பஸ் கண்டக்டர் பிரேம் ஆஸ்பத்திரிக்கே வந்து, நடித்துக் காட்டாத குறையாகச் சொன்னான். மூட்டையை இறக்கி வைத்தவர் நெற்றியைத் துடைத்திருக்கிறார். அடுத்த நொடி வேரோடு சாய்ந்த மரமாகக் கீழே கிடந்திருக்கிறார். கூட்டம் கூடிவிட்டது. நம் ஆட்களுக்கு உதவி செய்யும் மனசு தாராளம், என்ன செய்வது என்பதில்தான் பஞ்சம். வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் ஊற்றினார். பசி மயக்கம், கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளியும் என்று ஒருவர் வைத்தியமும் சொல்லி முடித்துவிட்டார்.

கலைமணி அந்தப் பக்கம் தன் மகளிர் குழுப் பெண்களோடு வாழைத்தார் விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தாள். கீழே கிடப்பது மூத்தார் என்று தெரிந்ததும், பாவம், பழக்கம் முந்திக்கொண்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள். அப்படியே நகர்ந்து போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. குறட்டைபோல, இழுத்து இழுத்து. "தூங்கறாரப்பா" என்றுகூட ஒருவர் சொன்னாராம்.

கலைமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். செம்மேடு அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் மெர்சி, குழுப் பெண்களைக் கூட்டி வைத்து, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி சொல்லிக் கொடுத்த அன்று, தானே தொண்டையால் அப்படி இழுத்துக் காட்டியிருந்தாள். பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. இதயம் நின்றுபோன ஆளுக்குக் கொஞ்ச நேரம் இந்தச் சத்தம் வரும், இதை மூச்சென்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்று சொன்னாள்.

"அது மூச்சு இல்லீங்க! தள்ளுங்க, தள்ளுங்க! 108க்குப் போன் போடுங்க! பிரேமு, பஸ் ஸ்டாண்டுல நெஞ்சுக்கு ஷாக் குடுக்கற பெட்டி மாட்டியிருக்குது பாரு, ஓடிப் போயி எடுத்தா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் மண்டிபோட்டு உட்கார்ந்ததைப் பார்த்துக் கீரைக் கட்டு விற்றுக்கொண்டிருந்த பாப்பாயி அலறிவிட்டாள். சின்னுசாமிக்கு அத்தை முறை. முறை, பழக்கம் என்றால் அவளிடம்தான் ஊரே கேட்கும்.

"அடியே, அது உம்பட மூத்தாருடீ! தொடாதேடீ!"

கலைமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கோத்து நெஞ்சின் நடுவில் ஊன்றி, முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்தத் தொடங்கியிருந்தாள். "மொதல்ல அவரு இருக்கட்டுமுங்க அத்தை. இருந்தாத்தான மொறை" என்று அழுத்தலுக்கு நடுவே சொன்னாள்.

பிரேம் பெட்டியோடு ஓடி வந்தான். அதைத் திறந்ததும் அது ரேடியோச் செய்தி வாசிப்பவரின் தமிழில் பேசத் தொடங்கியது. பெட்டியில் இருந்த படத்தில் காட்டியபடி ஒட்டு அட்டைகளை நெஞ்சில் ஒட்டினார்கள். "நோயாளியை யாரும் தொடாதீர்கள்" என்றது பெட்டி. கலைமணி கையை எடுத்துக்கொண்டு விலகினாள். பாப்பாயிக்கு வந்ததே ஒரு தெம்பு! "பாரு, நாஞ் சொன்னா கேக்கல. பெட்டியே சொல்லுதா இல்லியா?" என்று சுற்றிலும் பார்த்தாள். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. கலைமணி எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். ராசப்பனின் உடம்பு தூக்கிப் போட்டது. உடனே பெட்டி, "நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்" என்றது. "சொன்ன சொல்லுல நிக்காத பெட்டியா இருக்குதே" என்று பாப்பாயி முணுமுணுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ராசப்பனின் கை அசைந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் இறங்கியது அவருக்குத் தெரியாது. வாந்தி எடுக்காமல் அவர் மலை இறங்கியது அதுதான் முதல் தடவை.

நாமக்கல்லில் அடைப்பை எடுத்து உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விலா எலும்பு உடைந்திருக்கிறது, பரவாயில்லை, நன்றாக அழுத்தியிருக்கிறார்கள் என்றார். ராசப்பனின் மனைவி பாவாயிக்கு அதைக் கேட்டுப் பூரிப்புத் தாங்கவில்லை. "எங்கூட்டுப் புள்ள எலும்பு ஒடையற அளவுக்கு அமுத்தி என்னூட்டுக்காரரக் காப்பாத்திருக்குதுங்க" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். போனிலும் ஊருக்குச் சொன்னாள். அந்தச் சேதி மலையேறி, நாலு வாய் மாறிக் கலைமணியின் காதுக்குப் போனபோது, காப்பாற்றியது வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. மூத்தாரின் எலும்பை உடைத்துவிட்டாள் என்பதுதான் மிச்சமாக வந்து சேர்ந்தது.

இது ராசப்பனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவர், வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மரம் ஏறக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டளைகள். உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேலையில்லை. குச்சிக்கிழங்குக் காட்டில் காற்றடிப்பதையும், மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி சிலுப்பிக்கொள்வதையும் இத்தனை வருசமாக அவர் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. சாமைச் சோறும் ரசமும் தின்னும்போது கண் கலங்கியது. காரம் என்று பாவாயியிடம் சொன்னார். காரமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அந்த வாசலிலிருந்து பார்த்தால் தம்பி வீட்டு வாசல் தெரியும். கலைமணி மட்டும் தென்படவில்லை. முன்பெல்லாம் கொஞ்சம் ஒதுங்கிப் போவாள், அவ்வளவுதான். இப்போது அவர் வெளியே வந்தால் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஆட்டிடம்கூடப் பேசுவதில்லை. தொட்டுவிட்டோமே என்ற கூச்சம் என்று ராசப்பன் நினைத்தார். பாவாயியிடம் நன்றி சொல்லி அனுப்பினார். பாவாயி போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "கேட்டுக்கிட்டா. மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பல" என்றாள். உயிர் கொடுத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை போய்ச் சேரவில்லையே என்பது அவருக்கு எலும்பைவிட அதிகமாக வலித்தது.

மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க வந்த மெர்சிதான் விஷயத்தை உடைத்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். மலைக்கு வந்து சேர்ந்த புதிதில் குளிரைத் திட்டியவள், இப்போது கீழே போனால் வெயிலைத் திட்டுகிறாள்.

"கலைமணிகிட்ட பேசிட்டு வர்றேன். அவங்க குழுவுக்கே போறது இல்லையாம். இன்னொரு ஆள் மேல கை வைக்க மாட்டேன், எனக்கு அளவு தெரியல, ஒரு மனுஷனோட எலும்ப ஒடச்சிட்டேன்னு ஒரே அழுகை. தப்பு எம்மேலதான். சரியா அழுத்தினா சில பேருக்கு எலும்பு உடையும், அதுக்காக நிறுத்தக் கூடாதுன்னு அன்னைக்குப் பயிற்சி கடைசியில சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள கடைசி பஸ் ஹாரன் அடிச்சிட்டான். எல்லாரும் எந்திரிச்சு ஓடிட்டாங்க."

ராசப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க மேடம்'னு சொல்றாங்க."

பாவாயி போய்ச் சொல்லிப் பார்த்தாள். சின்னுசாமியும் சொன்னான். யார் சொன்னாலும் கலைமணிக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது, உண்மையாகப் படவில்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எலும்புக்குச் சொந்தக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே.

அடுத்த வாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மெர்சி பயிற்சி வைத்தாள். சந்தையில் நடந்தது எல்லா நாட்டுக்கும் பரவியிருந்ததால் இந்தத் தடவை ஆண்களும் வந்திருந்தார்கள். கையும் காலும் இல்லாத ரப்பர் பொம்மையை நடுவில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஷாக் பெட்டி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாப்பாயி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், பெட்டி இன்றைக்கு எந்தப் பேச்சு பேசுகிறது பார்க்கலாம் என்று. கலைமணியைக் குழுப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அவள் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க ஊர்லயே செஞ்சு காட்டின ஆள் இருக்காங்க. கலைமணி, வாங்க" என்றாள் மெர்சி.

"நான் வேண்டாமுங்க மேடம்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒருத்தரு எலும்ப ஒடச்சது போதுமுங்க."

ஆண்கள் பக்கத்திலிருந்து ராசப்பன் எழுந்தார். வெளியே போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பொம்மையைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் பக்கம் நடந்து, கதவோரம் போய்த் தம்பி பெண்டாட்டிக்கு நேர் எதிரே நின்றார். கலைமணி தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சை வாங்கிக்கொள்ள ஒரு குழந்தை கிடைக்காதா என்று அவள் கண் இப்படியும் அப்படியும் தேடியது. பக்கத்தில் யாருமில்லை.

"கலைமணி" என்றார். அவள் பேரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்குக்கே புதிதாக இருந்தது. "எலும்பு ஒடஞ்சது நெசந்தான் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன், வலிக்குது. இருமுனா வலிக்குது. சிரிச்சா வலிக்குது. பொரண்டு படுத்தா அம்மான்னு கத்தறேன். ஆனா வலிக்கறதுக்கு நான் இருக்கறனே, சாமி! அன்னைக்கு நீ மொறையப் பாத்து ஒதுங்கியிருந்தீன்னா, எலும்பு ஒண்ணுகூட ஒடையாம முழுசா வெச்சுப் பொதைச்சிருப்பாங்க என்னைய."

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பனுக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. சாமைச் சோற்றைப் பற்றி, காற்றைப் பற்றி, காலையில் கண் விழித்ததும் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் கிடப்பதைப் பற்றி. "நீ குடுத்த சோறுதான் இப்பத் திங்கறேன். நீ குடுத்த மூச்சுதான்..." என்று தொடங்கினார். மூச்சு இரைத்தது. விலாவைப் பிடித்துக்கொண்டார்.

கலைமணி தலையை நிமிர்த்தினாள். கண்ணில் தண்ணீர் நிற்க, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போதும் மாமா. மூச்சு வாங்குது பாருங்க, இப்படியா நின்னுக்கிட்டுப் பேசறது? மொதல்ல உக்காருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பாப்பாயி வாயைத் திறந்தாள், ராசப்பனைப் பார்த்தாள், பேசாமல் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். ராசப்பன், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையாகப் பெண்கள் நடுவிலேயே உட்கார்ந்தார். கலைமணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பொம்மைக்குப் பக்கத்தில் மண்டிபோட்டாள்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள். "ஆம்பளைகளும் வாங்க, வெக்கப்பட்டு நிக்காதீங்க. கையை இங்க வெக்கோணும். நல்லா அழுத்தி அமுத்தோணும். எலும்புக்குப் பயப்படாதீங்க."