குப்புறக் கிடந்த கப்பல்

எங்கள் தெருவில் ஆளுக்கொரு வியாதி உண்டு. மூன்றாம் வீட்டுக்காரருக்குத் தபால்தலை. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளநோட்டைப் பிடித்துப் பழகிய கண் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? தபால்தலைச் சங்கத்தில் யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் நீள்வது அவர் மூக்கு. 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தோம். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, அவ்வளவு மரியாதை.

அவருக்கு உயிர் சமோவாவின் மேல். அந்தப் பசிபிக் தீவுகள் கொஞ்ச காலம் ஜெர்மன்காரர்கள் கையில் இருந்தன. அப்போது வந்த தபால்தலைகளில் சக்கரவர்த்தியின் உல்லாசக் கப்பல்தான் படம்.

"அதே கப்பலை இன்னும் எத்தனை நிறத்துலதாங்க பாப்பீங்க?" என்பார் அவர் மனைவி.

எல்லா நிறமும் இருந்தது. தீவிலேயே தபால் முத்திரை விழுந்த, ஐந்து மார்க் விலைபோட்ட தபால்தலை ஒன்றுதான் இல்லை. அதை யார் கொண்டுவந்து கொடுத்தார் என்கிறீர்கள்? புதுச் சம்பந்தி, டயர் கடைக்காரர்.

"தேடி அலைஞ்சு பிடிச்சேன் சம்பந்தி. உங்க சங்கத்துக் கண்காட்சியில இதுதான் நடுவுல நிக்கணும். எங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, தன் மருமகளை, அதாவது இவர் மகளை, இரண்டு நாள் இங்கே இருக்க விட்டுவிட்டுப் போனார்.

வாங்கிப் போன பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க நான் உள்ளே நுழைந்தது அந்த நேரம் பார்த்துத்தான். பத்திரிகையை நான் இன்னும் பிரிக்கவில்லை. அது வேறு விஷயம்.

காசாளர் வாட்டர்மார்க் பார்க்கக் கறுப்புத் தட்டில் தபால்தலையைக் குப்புறப் போட்டு, மேலே இரண்டு சொட்டு பென்சின் விட்டார். ஈரத் தாளுக்குள்ளிருந்து வைர வடிவக் கட்டங்கள் எழுந்து வந்தன. அவர் முகம் சுண்டிப்போனது.

"வைரம் தெரிஞ்சா நல்லதுதானே?" என்றேன்.

"இந்த வாட்டர்மார்க் இல்லாத தாள்ல அடிச்ச அஞ்சு மார்க்தான் தீவுக்குப் போச்சு. இதை அடிச்சப்போ தீவே கை மாறிடுச்சு. பெர்லின்ல சேகரிக்கிறவங்களுக்கு மட்டும் வித்தாங்க. ஸ்டாம்பு அசல்தான். ஆனா கடலையே பாக்காததுக்குத் தீவு முத்திரை எப்படி வரும்? எவனோ பல வருஷம் கழிச்சு உக்காந்து குத்தியிருக்கான்."

"நம்ம பொண்ணு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடுவான்னு சம்பந்திகிட்ட நீங்க குத்தின முத்திரையைவிடவா?" என்றார் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்க கண்டுபிடிச்சு நல்ல பேர் வாங்கிப்பீங்க. தினம் மாமா எதிர்ல உக்காந்து சாப்பிடப் போறது நான். பேசாம ஒட்டிடுங்க."

"பொய்யை நடுவுல வெச்சுட்டுக் கீழ என்னம்மா எழுதுவேன்?"

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

கண்காட்சியன்று நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? நட்டநடுவே ஐந்து மார்க் தபால்தலை, குப்புறக் கிடந்தது! கீழே அழகான கையெழுத்தில், 'வைர வாட்டர்மார்க் தெரியும்படி, பின்புறம்.' வாட்டர்மார்க்கைக் காட்ட விரும்புகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்களாம். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

சம்பந்தி தன் ஆட்களை வாசலில் டீயோடு நிறுத்திவிட்டு முதலில் வந்தார்.

"என்ன சம்பந்தி, கப்பலைக் கவுத்துட்டீங்க?"

"பின்னாடிதான் விசேஷம்."

"இருக்கட்டும். முத்திரை தெரியலையே? அதுக்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினீங்க?"

வாசலில் மகள் கையில் டம்ளரோடு இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். காசாளர் சம்பந்தியை ஜன்னலோரம் அழைத்துப் போனார். எனக்கும் காற்று தேவைப்பட்டது. மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

"டயரைத் தட்டிப் பாத்தே பழசா புதுசான்னு சொல்றவன் நான். என் தலையிலயே ஒருத்தன் கட்டிட்டானே!" என்றார் சம்பந்தி. பிறகு, "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார்.

காசாளரின் கண் மகளிடம் போய்த் திரும்பியது. சம்பந்தியும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஓ. ஒரு ஸ்டாம்புக்காகப் புள்ளையைப் படுத்துவேன்னு நினைச்சீங்களா?"

காசாளர் ஜன்னல் கம்பியை விரலால் துடைத்தார். எத்தனையோ பேரின் முகத்துக்கு நேரே 'இது போலி' என்று சொன்னவர் அவர்.

"ஏமாந்ததுகூடப் பெருசில்ல சம்பந்தி. என்னை இவ்ளோ மட்டமா எடை போட்டீங்களே, அதுதான்."

அதற்குள் அவர் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவருடைய பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்கடா உன் கப்பல்?" என்று கேட்டார்.

சம்பந்தி அவரை நடுவே அழைத்துப் போனார்.

"என்னை ஏமாத்திட்டாங்க பெரியப்பா. முத்திரை பொய். எங்க சம்பந்திதான் கண்டுபிடிச்சாரு. திருப்பி வைங்க சம்பந்தி, எல்லாரும் பாக்கட்டும்."

மேலே மூடியிருந்த கண்ணாடித்தாளைத் தூக்கி, இடுக்கியால் அதைப் புரட்டிவைக்கக் காசாளருக்கு வெகுநேரம் பிடித்தது. மகள் வந்து மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டாள். காசாளர் பழைய வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'தீவுக்குப் போகாதது. முத்திரை போலி. சம்பந்தி தேடிக் கொடுத்தது.'