டேங்கு வெடிச்சிருச்சு

சாத்தூரில் கடல் கிடையாது. இருந்தும் செந்தூர்பாண்டியின் அச்சாபீசுக்குப் பின்னால், வீட்டை ஒட்டி ஒரு படகு நின்றது. தூத்துக்குடியில் யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பட்டாசு லேபிள் அடிக்கிற ஆளுக்குப் படகு எதற்கு என்று ஊரே கேட்டது. கேட்கட்டுமே! சொந்தப் படகில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஒரு தடவையாவது கடலுக்குள் போய்வர வேண்டும். அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் ஆசை.

பெண்டாட்டி லட்சுமிகாந்தமோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? டீசல் டேங்கு ஒழுகி வீடே நாறியது. ஊருக்கு வெளியே பட்டாசு கம்பெனி நடத்துகிறவள் அவள்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒழுகுறது நிக்கணும். இல்லன்னா பழைய சாமான்காரன் வந்து படகத் தூக்கிட்டுப் போவான். வெல்டிங்கு, கிரைண்டருன்னு எவனாச்சும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள பொறி கெளப்புனான், நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

செந்தூர்பாண்டி சோப்பைத் தேய்த்து அடைத்துப் பார்த்தார். பசை போட்டு ஒட்டிப் பார்த்தார். எதற்கும் மசியவில்லை. சரி, மாற்றியே தொலைப்போம் என்று விருதுநகரில் சொல்லி, எவர்சில்வர் தகட்டில் புது டேங்கு செய்து கொண்டுவந்தார். பழசு வெளியே வந்தால்தானே புதுசு உள்ளே போகும்? அது தளப் பலகைக்கு அடியில், இரும்புப் பட்டைக்குள் துருவேறி உட்கார்ந்திருந்தது. கிரைண்டர் வைத்து அறுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். வைக்கக் கூடாதே!

சனிக்கிழமை காலையில் மிச்ச டீசலைக் கேனில் வடித்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். அடியோரம் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல். தினமும் மத்தியானம் பெண்டாட்டியின் கம்பெனிக்குப் போய் அவளோடுதான் சாப்பிடுவார். எரிச்சலோடு அங்கே போன் போட்டார். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எதுவானாலும் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தங்கச்சாமியிடம்தான் சொல்ல வேண்டும்.

"தங்கச்சாமி, அக்காகிட்ட சொல்லிரு. டேங்கு வெடிச்சிருச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னய எதிர்பாக்க வேண்டாம்."

ஐயோ, எந்த ஊரில் இருந்துகொண்டு என்ன பேச்சு! பானை வெடிக்கும், பாதம் வெடிக்கும், சுவர் வெடிக்கும். மற்ற ஊர்களில் அதற்கு விரிசல் என்று அர்த்தம். இந்த வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இங்கே பானையில்கூடக் கீறல்தான் விழும். அவருக்கும் அது தெரியும். எரிச்சலில் வாய் தவறிவிட்டது.

போனை வைத்துவிட்டுப் பலகைக்கடியில் தலையை நுழைத்துப் படுத்தார். பட்டையைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். அசையவில்லை. வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு அலறல்.

"ஐயோ, எஞ்சாமீ! காலு மட்டும் கெடக்கே!"

பதறி எழுந்ததில் பலகை மண்டையில் இடித்தது. முகமெல்லாம் கருப்போடு வெளியே வந்தால், வேலையாட்களெல்லாம் காம்பவுண்டுக்குள் நிற்கிறார்கள். முன்னால் லட்சுமிகாந்தம், காலில் செருப்பில்லாமல்.

"என்ன காந்தம், என்னாச்சு?" என்றார்.

கேட்டாரே ஒரு கேள்வி! கையில் கிடைத்த டீசல் துணியால் அவரை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

"வெடிச்சிருச்சுன்னு சொல்லுவீகளா? வழி நெடுக எம்புட்டுச் சாமியக் கும்பிட்டேன் தெரியுமா? நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்னு..."

"கீறல்தான் காந்தம். வெறும் கீறல்."

"இனி சாப்பாடே வேண்டாங்கிற மாதிரில்ல சொன்னீக, அண்ணாச்சி!" என்றார் தங்கச்சாமி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

செந்தூர்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இப்படி அழுது அவர் பார்த்ததே இல்லை.

"படகத் தூக்கிக் குடுத்துருவோம். உன்னய அழவச்சிட்டு எனக்கு எதுக்கு இது?" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முதல்முறையாகப் படகுக்குள் குனிந்து பார்த்தாள். துருப்பிடித்த பட்டையையும் பக்கத்தில் பளபளத்த புது டேங்கையும் பார்த்தாள்.

"தங்கச்சாமி, வேன எடுத்துட்டுப் போயி, நம்ம கம்பெனிப் பித்தளை உளியையும் மரச்சுத்தியலையும் கொண்டாங்க. அதுல பொறி வராது" என்றாள். வேலையாட்கள் பக்கம் திரும்பினாள். "வந்தது வந்துட்டீக. ஆளுக்கு ஒரு பக்கம் பலகையப் பிடிங்க."

உளி வந்ததும் அவளே பிடித்தாள், தங்கச்சாமி அடித்தார். பட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. ஏலேலோ போட்டு எல்லோரும் தூக்கியதில் பழைய டேங்கு வெளியே வந்து விழுந்தது. சாயங்காலத்துக்குள் புதுசு உட்கார்ந்து, டீசலும் ஊற்றியாயிற்று. அடியில் துணியைப் போட்டுப் பார்த்தார்கள். துணி காய்ந்தே கிடந்தது.

"அப்ப நாளைக்குத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோகவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் செந்தூர்பாண்டி. "அங்க போய்ச் சேந்ததும் போன் பண்ணுதேன்."

"ஒண்ணும் வேண்டாம்!" லட்சுமிகாந்தம் அவர் கன்னத்தில் இருந்த கருப்பை அழுத்தித் துடைத்தாள். "இனிமே போன்ல உங்க சேதி கேக்க என்னால ஆகாது. நானும் படகுல வாரேன்."