தண்ணீர் போன இடம்

குடிவந்து மூன்றாவது வாரம். அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய வீடு. அக்கா தையல்காரி. தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறவள். குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்க்காமல் ஏறமாட்டாள். வீட்டை விற்றவர் சாவியைக் கொடுத்தாரே தவிர, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வாய் திறக்கவில்லை. தானே பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்பக்கச் சாக்கடைத் தொட்டியின் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தாள் தங்கை.

சமையலறைத் தண்ணீர் வந்து விழுந்தது. குளியலறைத் தண்ணீரும் வந்தது. மூன்றாவது குழாய், துணி துவைக்கும் அறையிலிருந்து வருவது. அதன் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"அக்கா, வாஷிங் மெஷின் தண்ணிய வெளிய விட்டுச்சா?"

"ஒரு தடவ விட்டுருச்சு. இப்ப மறுபடி விடப்போகுது," என்றாள் அக்கா, துவைக்கும் அறை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

தங்கை காத்திருந்தாள். மெஷின் தண்ணீரை இறைத்துத் தள்ளும் சத்தம் நன்றாகக் கேட்டது. வலை அசையக்கூட இல்லை.

மூன்று வாரமாகத் துவைத்த தண்ணீர் அத்தனையும் அந்த அறைத் தரையிலிருந்த ஓட்டைக்குள் இறங்கியதை அவளே பார்த்திருக்கிறாள். இறங்கியது எங்கே போயிற்று? குடிவந்தபோது மெஷினுக்குக் குழாய் மாட்டிக் கொடுத்த பிளம்பருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஓட்டையில தண்ணி எதுத்துக்கிட்டு நிக்குதாம்மா?" என்றார் அவர்.

"இல்லண்ணே. கடகடன்னு உள்ள போயிடுது."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

"அப்ப அது அடைப்பு மட்டும் இல்ல. தரைக்கு அடியில குழாய் இணைப்பு விட்டுப் போயிருக்கும். தண்ணி மண்ண அரிச்சு எடுத்துட்டுப் போகுது. அந்த ரூம் வாசப்படியில நின்னு கரண்டிக் காம்பால தரையத் தட்டிப் பாருங்க. உள்ள கால் வைக்காதீங்க. நான் கிளம்பிட்டேன்."

அவள் ஓடினாள். வாசற்படியை ஒட்டித் தட்டினாள், கெட்டியான சத்தம். கையை நீட்டி இரண்டு டைல்ஸ் தள்ளித் தட்டினாள். காலிக் குடத்தைத் தட்டியது போலக் கேட்டது. அந்த இடத்துக்கு அப்பால், எதிர்ச் சுவரோரம், முக்காலியில் உட்கார்ந்து அக்கா துணி பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெஷின் சுழல ஆரம்பித்திருந்தது. முக்காலியின் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"அக்கா, எந்திரிக்காத. அப்படியே இரு."

"ஏன், பாம்பா?"

"பாம்பு இல்ல. பேசாம இரு."

கூடத்துக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மெஷின் நின்றது. அந்த அமைதியில் டைல்ஸ் ஒன்று 'டக்' என்று விரிசல் விட்ட சத்தம் இருவருக்கும் கேட்டது. அக்கா குனிந்து பார்த்தாள். சுவரோரத்திலிருந்து மெஷினின் கால் வரை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது.

பிளம்பர் வரும்வரை பொறுக்க முடியாது. தங்கை, அக்கா துணி வெட்டும் நீளப் பலகையைத் தூக்கி வந்து, வாசற்படியிலிருந்து முக்காலி வரைக்கும் மெல்லத் தள்ளினாள்.

"அது என் பலகைடி. ஈரம் பட்டா வளைஞ்சுடும்." என்றாள் அக்கா.

"வளையட்டும். படுத்துக்கிட்டே வா. நடக்காத."

"எனக்கு முட்டி மடங்காதே."

"மடங்க வேணாம். வயித்தால தவழ்ந்து வா. என்னைப் பாரு, கீழ பாக்காத."

அக்கா கவிழ்ந்து படுத்தாள். பலகை முனகியது. ஒரு சாண், இன்னொரு சாண். பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"அடியில என்னமோ கொட்டுது. காதுல கேக்குது."

தங்கைக்கும் கேட்டது. பொலபொலவென்று மண் சரியும் சத்தம். தலையை உள்ளே நீட்டி, அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். இருவரும் சமையலறைத் தரையில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். மெஷின் நின்ற மூலை ஒரு முழம் உள்ளே இறங்கியது. மெஷின் மெதுவாகச் சாய்ந்து, சுவரில் தோளை முட்டுக்கொடுத்து நின்றது. முக்காலி இருந்த இடத்தில் பள்ளம் வாய் திறந்திருந்தது; முக்காலியைக் காணவில்லை.

அக்கா அழவில்லை. தங்கையின் கையை விடவும் இல்லை. பிளம்பர் வந்து கதவைத் தட்டியபோது, இருவரும் கைகோத்தபடியே போய்த் திறந்தார்கள்.

அவர் அந்த அறையின் வாசற்படியில் நின்று நீளக் கம்பியைப் பள்ளத்துக்குள் விட்டார். அது அவர் தோளளவுக்கு இறங்கியது.

"உள்ள குழாயோட மூட்டு கழண்டு பல வருஷம் இருக்கும். அதுக்கப்புறம் குழாய்ல மண்ணடைச்சிருக்கு. முன்ன இருந்தவங்க கையாலதான் துவைச்சிருப்பாங்க, தண்ணி கொஞ்சம்தான். உங்க மெஷின் மூணு வாரத்துல முடிச்சிருச்சு," என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்க. அது போதும்."

பள்ளத்தை மணலாலும் ஜல்லியாலும் நிரப்பித் திமிசு போட்டு இறுக்க நான்கு நாள் ஆயிற்று. புதுக் குழாயைத் தரைக்கு அடியில் விட அக்கா சம்மதிக்கவில்லை. சுவர்மேலேயே கண்ணில் படும்படி ஓட்டி, நேரே தொட்டியில் விடச் சொன்னாள். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார் பிளம்பர்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அக்கா.

பத்தாம் நாள், புதுத் தரையின் சிமென்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வாசற்படி வரைக்கும் வந்து நின்றாள்.

"நீ முதல்ல போ. நீதான் ஒல்லி."

தங்கை சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலின் பெருவிரலை மட்டும் முதலில் தரையில் ஊன்றினாள்.