இரண்டாவது அடி

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. டைப் அடிக்கும்போது கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீதிமன்ற வாசலுக்கு எதிரே எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஜாமீன் மனு, வாரிசுச் சான்று மனு, ஜீவனாம்ச மனு எல்லாம் அங்கேதான் அடிக்கிறோம். பகல் முழுக்க ஊராருக்காக அடித்துவிட்டு, அல்லிநகரத்து வீட்டுக்குத் திரும்பியதும் எனக்காகக் கொஞ்சம் எழுதுவேன். பத்திரிகைகளில் ஏழெட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. அவற்றில் எதையும் நான் பயந்துகொண்டு எழுதியதில்லை. இதை எழுத உட்காருவதற்குள் பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல்களின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், பவானி—"

வேண்டாம். நான் மேகத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: "பவானி ஒரு மனிதனைக் கொலை செய்தாள்." அது கொலையா என்றுதான் வழக்கே நடக்கிறது. இதையும் எடுத்துவிடுகிறேன்.

2

நடந்தது இதுதான். பவானியின் மனுவில் நான் அடித்ததையும் அவள் வாயால் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பவானிக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் செல்லப்பாண்டிக்கு மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் இறங்கி வருவார். மற்ற நாட்களில், ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஓட்டு வீட்டில் பவானியும் மகள் கயலும் மட்டும்தான். கயலுக்கு அப்போது பதினைந்து வயது.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம். மழை விட்டிருந்தது. கரண்ட் இல்லை. சமையலறைப் பின்கதவில் எதுவோ சுரண்டும் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தாள். பிறகு வெளியே சிமெண்டுத் தளத்தில் ஒரு திருகாணி விழுந்து உருண்டது. எலி திருகாணியைக் கழற்றாது.

கணவருக்குப் போன் போட்டாள். ஐந்து நாற்பத்தொன்பது என்று செல்போன் கம்பெனிப் பதிவில் இருக்கிறது.

"ஏங்க, யாரோ பின்கதவைக் கழத்துறான்."

"தொறக்காத! மொதல்ல கயலை உள்ள போட்டுப் பூட்டு. நான் இங்கன இருந்து…"

சிக்னல் போய்விட்டது. மொத்தம் நாற்பது விநாடி.

சமையலறை மூலையில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று பின்கதவு. மற்றது சாமான் அறைக் கதவு. மகளைச் சாமான் அறைக்குள் தள்ளினாள். "நான் சொல்லாம தொறக்கக் கூடாதுத்தா" என்றாள். கயல் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். பவானி சுவரோரம் கிடந்த மம்பட்டிக் கணையை, அந்த மரக் கைப்பிடியை, எடுத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு கீல் பக்கமாகச் சாய்ந்தது. ஓர் ஆள் உள்ளே வந்தான். இவள் அடித்தாள். அவன் முழங்காலில் விழுந்தான். அவன் கையில் இருந்த எதுவோ தரையில் விழுந்து சத்தம் போட்டது.

(மனுவில் "கத்தி போன்ற கூரிய பொருள்" என்று அடித்தேன். போலீஸ் எடுத்தது ஸ்க்ரூடிரைவர்.)

அவன் எழுந்திருக்கவில்லை. கைகளை ஊன்றித் தவழ்ந்தான். அவள் மறுபடியும் அடித்தாள்.

ஆறு ஐந்துக்கு 108-க்குப் போன் போட்டவளும் அவள்தான். "ஒரு ஆளை அடிச்சுட்டேன், வெரசா வாங்க" என்றிருக்கிறாள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான். ஒரு தடவைகூட அவன் கண் விழிக்கவில்லை.

3

வக்கீல் ராஜா முகம்மது உத்தமபாளையத்துக்காரர். என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் பவானியிடம் கேள்வி கேட்டார்.

"சூரியன் மறஞ்சிருச்சாம்மா, மறையலையா?"

"மலைக்குப் பின்னாடி போயிருச்சு சார். வீட்டுக்குள்ள கை தெரியல."

"மலைக்குப் பின்னாடி போறது வேற, மறையறது வேற. அன்னைக்கு மறையற நேரம் ஆறு ரெண்டு. கோர்ட்டுக்கு அதுதான்."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் மேற்கு மலை சூரியனை முன்கூட்டியே மறைத்துவிடும். சட்டம் எழுதியவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து எழுதினார்களோ என்னவோ.

"மறைஞ்ச பெறகு ஒருத்தன் கதவை ஒடைச்சு உள்ள வந்தான்னா, அவன் உள்ள இருக்கற வரைக்கும் வீட்டுக்காரங்களுக்குச் சட்டம் கூடுதலா எடங்குடுக்குது. அப்பவும் தேவைக்கு மேல அடிக்கக் கூடாது. மறையறதுக்கு முன்னாடின்னா, உசுருக்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னு நீங்க நியாயமாப் பயந்திருக்கணும். அந்தப் பயம் இருக்கற வரைக்குந்தான் அடிக்கலாம். பயம் போனபெறகு விழுந்த அடிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

பவானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு இன்னும் போகலையே சார்."

வக்கீல் அதை எழுதிக்கொள்ளவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

"போலீசுக்குப் போடாம புருசனுக்கு ஏன் போட்டீகன்னு கேப்பாக. என்ன சொல்வீக?"

"அவுக குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு."

4

என் முதல் பிரதியில், வந்தவனுக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு கொடுத்திருந்தேன். வாயில் சாராய வாடையும் சேர்த்திருந்தேன். அப்படி எழுதினால் பவானியின் கையில் இருந்த கணைக்கு நியாயம் கிடைத்துவிடும். எழுதுகிறவளுக்கும் பயம் குறையும்.

பிறகு நதியா கடைக்கு வந்தாள்.

அவள் அடிக்கச் சொன்னது வாரிசுச் சான்று மனு. இறந்தவர் அவள் கணவர், பெயர் அம்மாவாசி, வயது முப்பத்தொன்று, திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் வேலை. பவானியின் மனுவில் நான் அடித்த அதே பெயர். நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் பவானி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு அங்கன போனாக?" என்று கேட்டுவிட்டேன். டைப் அடிக்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி.

"தெரியலக்கா. திருடப் போனாகளோ என்னமோ. நான் இல்லைன்னு சொல்லல." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஆனா ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பாக. ஒரு அடி போதும்க்கா அவுகளுக்கு. ரெண்டு எதுக்கு?"

தழும்பை எடுத்துவிட்டேன். வாடையையும் எடுத்துவிட்டேன். இப்போது அவன் முகமே எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போனேன். கதைக்காகத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. பவானியிடமும் சொல்லிவிட்டேன்.

"எழுதுக்கா. ஆனா ஒரு அடின்னு எழுதாத. ரெண்டுன்னே எழுது."

பின்கதவுக்கு இப்போது உட்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை போட்டிருந்தார்கள். ஜன்னலில் பலகை. பகல் பதினொரு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. வேலிக்கு வெளியே ஒரு பைக் மெதுவாகப் போனது. பவானி பேச்சை நிறுத்தி, அந்தச் சத்தம் தேய்ந்து முடியும்வரை காத்திருந்தாள். அம்மாவாசியின் ஆட்கள் இரண்டு தடவை வேலியோரம் வந்து நின்றார்களாம். எதுவும் பேசவில்லையாம். நின்றுவிட்டுப் போய்விட்டார்களாம்.

கையோடு கொண்டுபோன டேப்பால் மூலையை அளந்தேன். பின்கதவுக்கும் சாமான் அறைக் கதவுக்கும் நடுவே மூன்றடி.

"இங்கனதான் விழுந்தான்" என்று காட்டினாள். "அக்கா, அக்கான்னான். அப்படிச் சொல்லிக்கிட்டே அந்த மூலைக்கு ஊர்ந்தான். வெளிய போறானா, எம் பிள்ளை இருக்கற ரூமுக்குப் போறானான்னு எனக்குத் தெரியல. இருட்டு. நீயே பாரு, ரெண்டும் ஒரே பக்கம். அடிச்சேன்."

"அதுக்கப்புறம் எப்ப போன் பண்ணீங்க?"

"கணையைப் புடிச்சுக்கிட்டே நின்னேன். எந்திரிச்சிருவானோன்னு பயந்துக்கிட்டு நின்னேன். அப்புறம், எந்திரிக்க மாட்டானோன்னு பயந்தேன். அப்பத்தான் பண்ணேன்."

(இங்கே ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதைப் பற்றிய பத்தி. மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் நான் நல்லவளாகவே வந்தேன்.)

அவன் பின்கதவுக்குத் தவழ்ந்திருந்தால் அவன் தப்பித்துப் போகிறவன். அவளுக்கு அடிக்கும் உரிமை முடிந்துவிட்டது. சாமான் அறைக்குத் தவழ்ந்திருந்தால் உரிமை இன்னும் இருக்கிறது. அரசு வக்கீல் ஐந்து நாற்பத்தொன்பது அழைப்பை வைத்துக்கொண்டு, எல்லாம் சூரியன் மறைவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்கிறார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டால், வழக்கில் மிச்சம் இருப்பது அந்த மூன்றடிதான்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. பவானி விடுதலை. கோர்ட் படியில் நதியா எதிரே வருகிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து— என்ன செய்வார்கள்? கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எழுதினால் என் கடை பெஞ்சே என்னைப் பார்த்துச் சிரிக்கும். வேண்டாம்.

இரண்டாவது முடிவு. தண்டனை. செல்லப்பாண்டி மலையை விட்டு இறங்கி வந்து, பட்டை போட்ட கதவுக்குள் மகளோடு— இதையும் விட்டுவிட்டேன். அதை எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம். எழுதுகிறவர்களுக்கு இந்த மூடநம்பிக்கை உண்டு.

மூன்றாவது முடிவு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், நேற்று மதியம், கயல் கடைக்கு வந்தாள்.

7

இப்போது அவளுக்குப் பதினேழு. பிளஸ் டூ சீருடையிலேயே வந்திருந்தாள். பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளை மறுநாள் அவள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அன்று போலீசிடம் அவள் சொன்னது ஒரே வரி: "பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்." ராஜா முகம்மது அதற்குப் பிறகு பல தடவை கேட்டும், ஞாபகம் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேளுத்தா."

கடையில் இருந்த இரண்டு பேர் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பிடிச்சிருந்த கதவுல வெளிய இருந்து ஒரு கை பட்டுச்சுன்னு சொன்னா, அம்மாவை உள்ள வைக்க மாட்டாகல்ல?"

கை பட்டது என்று அவள் சொல்லவில்லை. பட்டது என்று சொன்னால் என்றாள். இத்தனை வருடம் மற்றவர்களின் வாக்கியங்களை அடித்தவளுக்கு அந்த வித்தியாசம் காதில் விழாமல் போகாது. "பட்டுச்சா?" என்ற கேள்வி என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் பார்வை என் முகத்தைவிட்டு நகரவில்லை. நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று வருவாள். எனக்கு வெளியே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். அந்த அளவுக்கு எனக்குக் கோழைத்தனம் உண்டு. அதனால்தான் இதை உங்களிடம் கொண்டுவந்தேன். கோர்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நதியா சொன்னதையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் எதிரே உட்காருகிறாள். அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறாள்.

பதில் சொல்லுங்கள். அல்லது, தைரியம் இருந்தால், நான் கேட்காததை அவளிடம் கேளுங்கள்.