கவலையில் ஒரு பங்கு

மாலையானதும் அந்த முதியோர் குடியிருப்பின் தோட்டத்தில் கைபேசிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கும். தையல்காரம்மாவுக்கும் மகளிடமிருந்து அழைப்பு வரும். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று மகள் கேட்பாள்; இவள் ஆமாம் என்பாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கும்மா, நீ ஒண்ணும் யோசிக்காதே" என்று பதில் வரும். அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும்.

குடியிருப்பில் எதற்கும் குறைவில்லை. நல்ல மெத்தை, லிஃப்ட், கூப்பிட்டால் ஓடிவரும் டாக்டர், எல்லாம் உண்டு. தையல்காரம்மாவுக்குத்தான் சோறு இறங்குவதில்லை. பக்கத்து அறை வாத்தியாரைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவருடைய மகன் போனிலேயே மல்லுக்கு நிற்பான். பிள்ளைக்குக் காய்ச்சல், மேலதிகாரியோடு தகராறு என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுவான். அவரும் பதிலுக்கு ஒரு பாட்டம் கத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய் வயிறாரச் சாப்பிடுவார்.

வெகுநாளாக வராத மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஆபீஸ் வேலை பெண்டு நிமிர்த்துகிறது என்றாள். பழம் நறுக்கிக் கொடுத்தாள். துவைத்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழவே இல்லை. காலமெல்லாம் ஊரார் தோளை அளவெடுத்த கண், பெற்ற மகளின் தோளையா தவறவிடும்?

"இடது கையைத் தூக்கு" என்றாள் தாய்.

"சுளுக்கும்மா."

"தூக்குடி."

மகளால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மார்பில் வந்த கட்டியைப் போன மாதம் அறுத்து எடுத்ததைச் சொன்னாள். இன்னும் சிகிச்சை பாக்கி இருக்கிறதாம். தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. நீயாவது இங்க நிம்மதியா இருக்கணும்னுதான்..."

"நிம்மதியா இருக்கறதுக்கு இந்த நாற்காலி போதுமே, நான் எதுக்கு? உன் கஷ்டத்துல எனக்குப் பங்கில்லேன்னு எப்ப முடிவு பண்ணினே?"

மகள் அவள் மடியில் தலை சாய்த்து, "பயமா இருக்கும்மா" என்று உடைந்து அழுதாள். தாயும் சேர்ந்து அழுதாள். ஆனாலும், தான் இன்னும் ஒருத்திக்கு அம்மாதான் என்பது நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு நிச்சயமானது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, யாரையும் கேட்காமல் பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

வாசலில் மேனேஜர் பதறிப்போய், அம்மாவுக்கு இங்கே ஏதாவது குறையா என்று மகளிடம் கேட்டார்.

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல சார், என்கிட்டதான்" என்றாள் மகள். "வசதியெல்லாம் செஞ்சு கொடுத்துட்டா சந்தோஷமா இருப்பாங்கன்னு நெனச்சேன். நம்ம கஷ்டத்தைப் பெத்தவங்ககிட்ட மறைக்கறது அவங்களைக் காப்பாத்தறது இல்ல சார், ஒதுக்கி வைக்கறது. நாம அவங்ககிட்ட வந்து அழுதாத்தான் அவங்களுக்கு இது வீடு. இல்லேன்னா வெறும் ரூம்தான்."

தாய் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது; முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது. மகள் வண்டியைக் கிளப்பியதும் தாய் சொன்னாள்:

"சரி, மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே."