ஒட்டாத ரத்தம்

"ரத்தச் சொந்தம் மட்டும் மொதல்ல வாங்க! எண்ணெய், சீயக்கா வைக்கணும்லா!"

தம்புசாமி மாமா போட்ட சத்தம் கிள்ளான் டவுனுக்கே கேட்டிருக்கும். கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது மதுமிதாவை. செத்துப்போன யுகேந்திரனுக்கு அவள் தங்கை. பெண்டாட்டி சீதாலெட்சுமி சவப்பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க ஒரு நாதியில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்? ரத்தப் புற்று வந்தபோது தங்கையின் எலும்பு மஜ்ஜைதானே பொருந்தியது! அன்றிலிருந்து அவள் தெய்வம். மூத்திரச் சட்டி கழுவியவள் யாரோ எவளோ.

கல்யாணமான நாள் முதல் எல்லாவற்றுக்கும் முட்டிக்கொண்ட புருஷனுக்கும் சீதாலெட்சுமிக்கும் ஒன்றாக இருந்தது ரத்த வகை மட்டும்தான். "நாம ரெண்டு பேருமே 'பி'தாண்டி" என்று அவன் சிரிப்பான். மஜ்ஜை ஏறிய பிறகு அவன் ரத்தம் தங்கையின் 'ஓ' ஆகிவிட்டது. சீதாலெட்சுமிக்கு வயிறு பற்றி எரிந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று வேண்டிய அதே வாயால், இவள் ரத்தத்திலா பிழைக்க வேண்டும் என்றும் முணுமுணுத்தாள்.

நோய் திரும்பி வந்தது. கோலாலம்பூர் டாக்டர் சீதாலெட்சுமியையும் மதுமிதாவையும் உட்காரவைத்து விளக்கினார்: "தங்கச்சி ரத்தத்துலேருந்து கொல்ல வர்ற செல்லு மொதல்ல கேன்சர் செல்லை இறுக்கிப் பிடிக்கணும். பிடிச்சாத்தான் எதிரின்னு தெரியும், கொல்லும். அதுக்கு ரெண்டு பக்கமும் பசை மாதிரி மூலக்கூறு இருக்கணும். இவரோட கேன்சர் தன் பக்கத்துப் பசையைக் கழட்டிருச்சு. தங்கச்சி செல்லு கிட்ட போகுது, ஒட்டாம வழுக்கிடுது."

இப்போது மதுமிதா எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்தாள்.

"என்ன பெரிய ரத்தச் சொந்தம்?" சீதாலெட்சுமியின் குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. "ஒன் ரத்தந்தான் ஒட்டலையே! டாக்டரே சொன்னாருல்ல?"

ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்தார். மதுமிதாவின் விரலிலிருந்து எண்ணெய் பாயில் சொட்டியது.

"ஆமா அண்ணி," என்றாள் மெதுவாக. "கிட்டப் போயும் பிடிக்காம வுட்டுருச்சு. ஒங்க ரத்தமா இருந்தா வுட்டுருக்காது."

சீதாலெட்சுமி முந்தானையை இழுத்துக்கொண்டு, தலைமாட்டில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்தாள்.